கடலுக்கடியில் போட்ட முடிச்சு

புளியரைக்குளத்தில் ஏசி ஓடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், பேச்சிமுத்துவின் சலூன். அதனால் சித்திரை வெயில் ஏறிவிட்டால் கோயில் கமிட்டி கூடுவதும் அங்கேதான். முடிவெட்ட வந்தவன் வெட்டிக்கொண்டே கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுவிட்டுப் போவான்.

அன்றைக்குக் கூடியது தேர் நாள் செலவை ஏற்கிற மண்டகப்படிக்காக. அந்த நாளை எடுக்கிற குடும்பத்துக்குத்தான் பரிவட்டம், வடத்தில் முதல் கை. பிழைக்கப் போன சனம் உலகம் பூராவும் கிடப்பதால் இப்போதெல்லாம் பதிவு கம்ப்யூட்டரில். சொன்ன நேரத்துக்குத் திறக்கும். யார் அமுக்கினது முந்தி வந்து சேருகிறதோ அவனுக்கு நாள். அது வந்து சேருகிற மிஷினுக்கு சர்வர் என்று பேர். அது இருப்பது சிங்கப்பூரில். மூன்று வருசமாகத் தேர் நாளைத் தட்டிக்கொண்டு போகிறவனும் சிங்கப்பூர்க்காரன்தான், வெள்ளைப்பாண்டி அண்ணாச்சியின் மருமகன்.

கமிட்டித் தலைவர் பிச்சைக்கனிக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அவர் தம்பி தவமணி கனடாவில் இருக்கிறான். அவனும் கண் கொட்டாமல் உட்கார்ந்துதான் அமுக்குகிறான். அது அத்தனை கடலையும் தாண்டி வருவதற்குள், மற்றவன் அடுத்த வீட்டுக்காரன் மாதிரி எட்டு வைத்து உள்ளே வந்துவிடுகிறான். "தேர் நாள் கெடச்சா பிள்ளையளக் கூட்டிட்டு வாரேன், இல்லன்னா என்னத்துக்குண்ணே" என்று தம்பி வருசா வருசம் சொல்கிறான். அந்தப் பிள்ளைகளைப் பிச்சைக்கனி போனில் பார்த்ததோடு சரி.

சர்வரை வேறு எங்காவது வைப்பதானால் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று திருநெல்வேலி கம்ப்யூட்டர்க்காரர் செல்லையா சொல்லியிருந்தார். கனடாவில் வைத்தால் சிங்கப்பூர்க்காரன் சண்டைக்கு வருவான். லண்டனில் வைத்தால் ரெண்டு பேரும் வருவார்கள்.

நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த வெள்ளைப்பாண்டி கையைத் தூக்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம பேசுதீகளே. உலகத்துல பாதி சர்வருக்கு நாந்தாம்வே எடம் பாத்துக் குடுத்தேன்."

"நீரு கப்பல்ல சமையல்லா பண்ணினீரு?" என்றான் பேச்சிமுத்து, கத்தியைத் துடைத்துக்கொண்டே.

"சோறு வடிச்சு முடிச்ச பொறவு என்ன செஞ்சேன்னு கேட்டியா? மிஷின் சூடாவுதுன்னு மொதல்ல ஐஸ் நாட்டுல கொண்டு வச்சோம். அங்கன என்னன்னா, சனங்க அனுப்புத பேச்செல்லாம் வழியிலேயே ஒறைஞ்சு போவுது. 'சாப்பிட்டியா'ங்கிறது கல்லு மாதிரி கப்பல் தட்டுல வந்து விழுது. நான் வெளக்கமாத்தால கூட்டிக் கூட்டி மூலையில குமிச்சேன். வெயில் வந்ததும் அம்புட்டும் ஒண்ணா உருகிட்டு. எவன் பொண்டாட்டி ஏசினது எவனுக்கோ போயி, ஒரு தெருவே ஊரக் காலி பண்ணிட்டு."

"ஏசினது உருகுமா?" என்றார் பிச்சைக்கனி.

"நல்ல சூடான ஏச்சுல்லா. அதான் மொதல்ல உருகிச்சு."

கடைக்குள் சிரிப்பு எழுந்தது. பிச்சைக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஆள் சாயங்காலம் வரைக்கும் இழுத்தடிக்கத்தான் இந்தப் போடு போடுகிறார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொறவு பாத்தேன், கேபிள் கடலுக்குள்ள கொடிக்கயிறு மாதிரி தொங்குது. தொங்கினா தூரம் கூடத்தான செய்யும்? நம்ம தேர் வடத்தக் கட்டி ஒரு இழு இழுத்தேன். நம்ம ஊர்க் கையில்லா, இலங்கை ரெண்டு முழம் இந்தப் பக்கம் நவுந்துட்டு."

"நவுந்தத ஒருத்தரும் பாக்கலியாக்கும்?"

"மத்தியானம். எல்லாவனும் ஒறக்கம்."

பேச்சிமுத்து கத்தியை எடுத்தான், வைத்தான். சிரிக்கிற கன்னத்தில் எப்படிச் சிரைப்பது?

"கடைசியில யோசிச்சேன். எல்லாருக்கும் ஒரே தூரம்னா எங்க? பூமிக்கு நடு வயித்துல. நம்ம வடக்குக் கெணத்து வழியா எறக்கினேன். அங்க மேல கீழ ஒண்ணும் கெடையாது, டீய ஊத்துனா தம்ளருக்கு நடுவுல உருண்டையா நிக்கும், கடிச்சுத்தான் குடிக்கணும். ஆனா வேகம்னா வேகம். அமுக்குததுக்கு முன்னாலயே பதில் வந்துட்டு. அமெரிக்காவுல ஒருத்தன் கேக்காத பொண்ணு வீட்டுலருந்து சம்மதம் வந்து, அவன் மறுநாளு போயி பொண்ணு தேடுனான். இது சரிப்படாதுன்னு வெளிய எடுத்து சிங்கப்பூர்ல வச்சேன்."

"அங்கயும் கிட்ட உள்ளவந்தான முந்துவான்?" என்று பிச்சைக்கனி மெல்லக் கேட்டார்.

"அத விட்டுருவனா? கிட்ட உள்ளவன் கேபிள்ல முக்குளிச்சுப் போயி ஒரு முடிச்சு போட்டேன். அவன் அமுக்குனது முடிச்சுல தடுக்கி விழுந்து, வேட்டிய ஒதறி எந்திரிச்சு வாரதுக்குள்ள, தூரத்துக்காரன் பக்கத்துல வந்துருவான். ரெண்டு பேரும் சமமாத்தான் வாசலுக்கு வரணும். அது நம்ம கண்டுபிடிப்பு."

பிச்சைக்கனி போனை எடுத்துச் செல்லையாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "தம்பி, சர்வர் சிங்கப்பூர்லயே கெடக்கட்டும். கிட்ட உள்ளவன் கேபிள்ல ஒரு முடிச்சு போட முடியுமா?"

செல்லையா சொன்னார். "முடிச்சுன்னா... கிட்டயிருந்து வாரத, தூரத்துலருந்து வர ஆவுத நேரத்துக்கு நிறுத்தி வச்சு எடுக்கணும். அவ்வளவுதான அண்ணாச்சி? செஞ்சிரலாம். இது ஏன் எனக்குத் தோணல? யாரு சொன்னா?"

"எங்க வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி கண்டுபிடிச்சது."

வெள்ளைப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். நுரை காய்ந்து தாடையில் ஒட்டியிருந்தது.

"அது அந்தக் காலத்துக் கேபிளுவே. இப்ப உள்ளது முடிச்சு தாங்காது."

"ஒம்ம கை போட்ட முடிச்சு, தாங்காம எங்க போவும்? மருமவனுக்கும் ஒண்ணு போட்டுருவோம். ஓட்டுப் போடுதவங்க போடுங்க."

எல்லாக் கையும் எழும்பியது. பேச்சிமுத்துவின் கை கத்தியோடு எழும்பியது.

"ஏ பிச்சைக்கனி," என்றார் வெள்ளைப்பாண்டி, குரல் இறங்கி. "நான் சொன்னது அம்புட்டும் பொய்யிவே. கப்பல்ல வெங்காயம் நறுக்கினதத் தவிர நான் ஒண்ணும் செய்யல."

பேச்சிமுத்து அவர் தலையைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தான்.

"இவ்வளவு நேரமும் நம்பினோம் அண்ணாச்சி. இத நம்புததுக்கு மட்டும் ஆளு கெடையாது. கன்னத்தக் காட்டும்."