யாருடையதும் இல்லாத குழி

ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு கேளையாடு குழிக்குள் விழுந்தது. கேளையாடு என்பது ஆடு அல்ல. நாய் போலக் குரைக்கும் சின்ன மான். அன்று அது போட்ட குரைப்பில் காடே எழுந்துவிட்டது.

முள்ளம்பன்றி ஓடி வந்து ஒரு கட்டையைக் குழிக்குள் உருட்டிவிட்டது. கேளையாடு அதில் கால் வைத்துத் தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. முன்னங்கால் ஒன்று ஒடிந்து தொங்கியது. அதற்குப் பால் குடிக்கும் குட்டி ஒன்று உண்டு. தாய் மேய்ந்தால்தான் பால் சுரக்கும். மூன்று காலில் எங்கே போய் மேய்வது?

அந்தக் குழியைத் தோண்டியது வனப் பாதைச் சபை. காட்டுப் பாதைகளைப் பராமரிக்க அரசர் சிங்கம் அமைத்த சபை அது. கோடையில் தங்களுக்கு மட்டும் தண்ணீர் வேண்டும் என்று சபையாருக்கு ஆசை. பாதை நடுவில்தான் மண் ஈரமாக இருந்தது. அங்கேயே ஊற்று தோண்டி, யார் கண்ணிலும் படாமல் இலை தழையால் மூடினார்கள். பாதையைக் காக்க வந்தவர்கள் பாதைக்குச் செய்த சேவை இது!

கேளையாடு நொண்டிக்கொண்டே சபைக்குப் போனது. தலைவர் கரடி தேனடையை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சபையின் வக்கீல் நரி.

"உங்கள் குழியில் விழுந்துதான் என் கால் ஒடிந்தது. கால் தேறும்வரை எனக்குப் புல் தர வேண்டும்!" என்றது கேளையாடு.

நரி அப்படியே உருகிவிட்டது. "அடடா, பாவம்! ஒரு கட்டுப் பச்சைப் புல் வாங்கிக்கொள் அம்மா. சபையின் கருணை! எல்லார் முன்னாலும் 'என் கால்தான் தவறியது' என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு."

"உங்கள் கருணை நாளைக்கே தீர்ந்துவிடும் ஐயா. கால் தேற மழைக்காலம் ஆகும். நான் கேட்பது கருணை இல்லை, நஷ்டஈடு!"

கரடிக்கு மூக்கு சிவந்தது. "சபை மேலேயே வழக்கா? போட்டுத்தான் பாரேன்!"

கேளையாடு போட்டது.

விசாரணை ஆலமரத்தடியில் நடந்தது. நீதிபதி யானை. "குழி யாருடையது?" என்று கேட்டது.

"எங்களுக்குத் தெரியாது. மழை அரித்திருக்கும்" என்றது கரடி. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது.

நரி எழுந்தது. "நீதிபதி அவர்களே! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கேளையாட்டுக்குச் சறுக்காதா?"

"என் அடியை இதில் இழுக்காதே!" என்றது யானை. "குழி தோண்டியதைப் பார்த்தவர்கள் உண்டா?"

"விழுந்ததைத்தான் பார்த்தேன். தோண்டியதைப் பார்க்கவில்லை" என்றது முள்ளம்பன்றி. பொய் சொல்ல அதற்கு வராது.

தோண்டியதைப் பார்த்த மற்ற மிருகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. சபையைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குத் தங்கள் வழியில் முள் வெட்டுவது யார் என்ற பயம்.

யானை பெருமூச்சு விட்டது. "சாட்சி இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. குழி யாருடையதும் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்."

கேளையாட்டுக்கு அழுகை முட்டியது. குட்டி அதன் வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுது பயனில்லை என்று தாய்க்குத் தெரிந்தது.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. யாருடையதும் இல்லாத குழியை யார் வேண்டுமானாலும் மூடலாமா?"

"தாராளமாக மூடலாம். ஆட்சேபம் உண்டா?" என்றது யானை.

கரடி வாயைத் திறந்தது. நரி அதன் காலை மிதித்தது. கரடி வாயை மூடிக்கொண்டது.

எல்லாரும் குழிக்குப் போனார்கள். முள்ளம்பன்றி மண்ணைத் தள்ளியது. கேளையாடு நல்ல காலால் கூழாங்கற்களை எத்திவிட்டது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த யானை, "இப்படிப் போட்டால் என்றைக்கு முடியும்? நகருங்கள்!" என்று ஒரு பெரிய பாறையைத் தும்பிக்கையால் தூக்கியது.

கரடியால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, போடாதீர்கள்! அது சபையின் ஊற்று! நாங்கள் உயிரை விட்டுத் தோண்டியது! இப்போதுதான் அடியில் தண்ணீர் கசிகிறது!"



நரி நெற்றியில் அடித்துக்கொண்டது. "நுணல்தான் தன் வாயால் கெடும் என்று நினைத்தேன் தலைவரே. நீங்களுமா!"

யானை பாறையைப் பக்கத்தில் இறக்கி வைத்தது. "உடையவர் கிடைத்துவிட்டார். கேளையாடு நான்கு காலில் நடக்கும்வரை சபை தினமும் அதன் இடத்துக்கே பசும்புல் கொண்டுபோக வேண்டும். குழியைச் சுற்றி இன்றே வேலி போட வேண்டும்!"

அன்று முதல் கரடி புல் சுமந்தது. குனிந்து பழக்கமில்லாத உடம்பு; முனகிக்கொண்டேதான் சுமந்தது. கேளையாட்டின் கால் தேறியது, சற்று வளைந்துதான் தேறியது. குட்டி மட்டும் ஒரு வேளைகூடப் பசியோடு தூங்கவில்லை.

பழி என்று வரும்போது ஒளிந்துகொள்பவர், தம் பொருள்மேல் கை வைத்தால் தாமே ஓடி வந்து சொந்தம் கொண்டாடுவார்.