ஊத்துப்பாறைக் கௌதாரி

பொங்கியண்ணன் கௌதாரி பிடிக்கப் போகிறார் என்ற சேதி, அவர் போவதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

கௌதாரி பிடித்தால் யாரும் ஏனென்று கேட்காத காலம் அது. கொன்றைப்பாளையத்துக்கு மேற்கே நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு காடு கிடந்தது. ஊத்துப்பாறைக் காடு என்பார்கள். வருஷம் முழுக்க அங்கே ஆடு மேயும். பறவைக்குக் கண்ணி வைக்க மட்டும் ஒரே நாள், பொங்கல் கழிந்து வரும் கரிநாள். அதுவும் உச்சிப்பொழுது வரைக்கும்தான். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.

கட்டுப்பாடு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. உட்காரப் போகிற இடத்துக்குப் பிரியும் தடத்தில் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்தால், சரி, இங்கே ஆள் இருக்கிறது என்று வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

பொங்கியண்ணனுக்கு எண்ணெய்ச் செக்கு. வயசு ஐம்பத்து நாலு. ஆள் தங்கமான மனுஷன், வாய்தான் நிற்காது. எண்ணெய்க்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஒரே பேச்சு. "இந்தக் கரிநாளுக்குப் பாருங்க, ஊத்துப்பாறையில நான் கூண்டை வைக்கறதும் கௌதாரி வர்றதும்!"

கரிநாள் வரும். ஒரு வருஷம் கண்ணி சரியில்லை. மறுவருஷம் காற்று சரியில்லை. அதற்கடுத்த வருஷம் எல்லாமே சரியாக இருந்தது. அதுவே அவருக்கு என்னவோ போலிருந்தது, போகவில்லை.

ஆனால் ஆசை பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காட்டில் தன் இஷ்டத்துக்குத் திரிகிற ஒரு பறவை, தான் வைத்த கூண்டுக்குப் பதில் குரல் கொடுத்து, தன்னை நோக்கி நடந்து வருவதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிப் போய்க் கிடந்தார்.

அவருக்கு ஆசான் பாவாயி. கண்ணி முடைவதில் நாலு ஊரிலும் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. முப்பத்தாறு முப்பத்தேழு வயசிருக்கும். செக்கடிக்கு எண்ணெய் வாங்க வந்துதான் பழக்கம். வயசில் சின்னவள் என்றாலும் வித்தை சொல்லித் தருகிறவள் ஆயிற்றே, பொங்கியண்ணன் அவளை "அம்மணி" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணா" என்பாள். அதற்கு மேல் கேட்டால்தான் பேசுவாள். கேட்டாலும் பல சமயம் பேசமாட்டாள்.

வித்தை இதுதான். பழக்கின ஆண் கௌதாரியைக் கூண்டில் வைத்துப் புதர் ஓரத்தில் வைக்க வேண்டும். சுற்றிலும் குதிரைமயிர்க் கண்ணி. கூண்டுக்குள் இருப்பது கத்தும். "என் எல்லையில் எவன் வந்து கத்துறான்?" என்று காட்டுக் கௌதாரி சண்டைக்குக் கிளம்பி வரும். வந்தால் கால் மாட்டும்.

அந்த வருஷம் கரிநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது பாவாயி பழக்கின கௌதாரிக் கூண்டோடு செக்கடிக்கு வந்தாள். கூண்டை அவர் முன்னால் இறக்கி வைத்தாள்.

"இதுதானுங்ணா கடைசி. இந்தக் கரிநாளுக்கும் போகலைன்னா இதை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் வித்தைன்னு எங்கிட்ட வராதீங்க."

"ஐயையோ, போறனுங்க அம்மணி! போகாம இருப்பனா? நீங்களும் வருவீங்கல்ல?"

"வர்றனுங்க. வாயைத் திறக்கமாட்டேன். எல்லாம் நீங்கதான் பண்ணணும்."

பொங்கியண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாட்டை நிறுத்தினார். தரையைக் கூட்டினார். பிண்ணாக்குத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஊத்துப்பாறைக் காட்டையே அங்கே கட்டிவிட்டார். பெரிய துண்டு வடக்குப்பாறை. அதற்குக் கொஞ்சம் தள்ளித் தெற்குப்பாறை. நடுவில் எள்ளைத் தூவி, சூரைப்புதர் என்றார்.

"இந்தப் புதர்தானுங்க அம்மணி. எங்க வேணா கேட்டுப் பாருங்க, கௌதாரி கொட்டிக் கிடக்கறது இங்கதான். கூண்டை வடக்க பாத்து வைக்கறதா, கிழக்க பாத்து வைக்கறதா? காத்து மாறுச்சுன்னா? வெயில் மூஞ்சியில அடிச்சா தெக்குப்பாறைக்குப் பின்னால போயிரலாமுங்களா?"

பாவாயி குனிந்து தெற்குப்பாறையை எடுத்தாள். மாட்டின் வாயருகே நீட்டினாள். மாடு அதை மென்று விழுங்கியது.

"அம்மணி! அது தெக்குப்பாறைங்க!"

"அங்க போனா இருக்குமுங்ணா."

அவர் அசந்து போனார், ஆனால் அடங்கவில்லை. "சரிங்க, அதை விடுங்க. இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதில் சத்தம் வருது. கத்தறது காட்டுக் கௌதாரிதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

பாவாயி எண்ணெய்த் தூக்குப்போசியைக் கையில் எடுத்தாள்.

"அதைக் காட்டுல வந்து கேளுங்க."

மூன்று நாளும் பொங்கியண்ணன் தூங்கினாரா என்றே தெரியாது. கண்ணிகளை எண்ணெய் தொட்டு நீவினார். கட்டுச்சோற்றுக்கு என்ன பொடி என்று மனைவி செல்லாயியிடம் ஆறு தடவை மாற்றி மாற்றிச் சொன்னார். செக்கடிக்கு வந்த அத்தனை பேருக்கும், மிச்சமிருந்த வடக்குப்பாறையை வைத்துப் புதரைக் காட்டினார். செல்லாயியின் அண்ணன் தேவணனும் வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்கால்காரர், வாய் நிறைய வெற்றிலை எப்போதும் இருக்கும். முழுசும் கேட்டுவிட்டு, "ம், போயிட்டு வா மாப்ள, போயிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கரிநாள் விடிந்தது. செல்லாயி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

"கௌதாரி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நீங்க வாசலைத் தாண்டுனாப் போதுமுங்க சாமி."

தாண்டிவிட்டார்! கூண்டைத் துணியால் மூடித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, பனியில் நனைந்த தடத்தில் பாவாயிக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியில் நின்ற ஒவ்வொரு வேலமரத்தையும் பார்த்து, "இதோ பாருங்க அம்மணி, வந்துட்டோம், வந்துட்டோம்!" என்றார். ஐம்பத்து நாலு வயசு ஆள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தடம் பிரிகிற இடத்தில் பாவாயி ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து அவரிடம் நீட்டினாள். பொங்கியண்ணன் முன்னும் பின்னும் பார்த்தார். கொத்தைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

"இதைப் போட்டா நம்ம இடம் ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்களே!"

பதினோரு வருஷமாக ஊருக்கே சொன்ன இடம். பாவாயி அவர் மடியைப் பார்த்தாள். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

வடக்குப்பாறையின் கிழக்கு ஓரம், சூரைப்புதர். கூண்டை வைத்து, சுற்றிலும் கண்ணி நட்டு, இருவரும் செடி மறைவில் உட்கார்ந்தார்கள். பொங்கியண்ணன் துணியை உருவினார்.

கூண்டுக் கௌதாரி கழுத்தை நீட்டியது. டிட்டிட்டீ, டிட்டிட்டீ என்று காடு அதிரக் கத்தியது.

பாறைக்கு அந்தப்பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. டிட்டிட்டீ, டிட்டிட்டீ!

பொங்கியண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாவாயியின் கையைத் தொடப் போய், மரியாதைக்காகத் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா அம்மணி?"

இது கத்தியது. அது கத்தியது. இது விடவில்லை, அதுவும் விடவில்லை. இந்தா வருகிறது, இந்தா வருகிறது என்று மனுஷன் நுனிக்காலில் குந்திக்கொண்டிருந்தார். பனி காய்ந்தது. வெயில் முதுகில் ஏறியது. பாறைக்கு அந்தப்பக்கம் சத்தம் மட்டும் குறையவே இல்லை.

"பெரிய சேவலுங்க இது. சூதுவாது தெரிஞ்சது. யோசிச்சுத்தான் வரும்."

பாவாயி அறுந்த கண்ணி ஒன்றை முடைந்துகொண்டிருந்தாள்.

"வெட்கப்படுதோ என்னவோ" என்றார் பொங்கியண்ணன்.

அவள் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

"நேரம் பாத்து வருமுங்க. இந்தக் குரலைக் கேட்டுட்டு எப்படி வராம இருக்கும்?"

நிழல் சுருங்கிச் சுருங்கிக் காலடிக்கு வரப் பார்த்தது. உச்சி ஆகிவிட்டால் இனி அடுத்த கரிநாள்தான். அதற்கு மேல் பொங்கியண்ணனால் பொறுக்க முடியவில்லை. கௌதாரி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று, வயிற்றால் ஊர்ந்து பாறையைச் சுற்றிப் போனார்.

பாறையின் மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் வயிற்றால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார்.

மூக்கோடு மூக்கு இடித்துக்கொள்ளாத குறை.

"மச்சான்!"

"மாப்ள! நீ எங்கடா இங்க?"

தேவணனுக்குப் பின்னால் புதர் ஓரத்தில் ஒரு கூண்டு. அதற்குள்ளிருந்து ஒரு கௌதாரி, தொண்டை வறள வறள, டிட்டிட்டீ என்றது. பாறைக்கு இந்தப்பக்கம் பொங்கியண்ணனின் கூண்டு பதில் சொன்னது.

"காலையிலிருந்து கத்துனது இதா?" என்றார் பொங்கியண்ணன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்றார் தேவணன். "கெழட்டுக் கௌதாரி, யோசிச்சு வரும்னு உசிரைக் கையில புடிச்சுக்கிட்டுக் குந்தியிருந்தேனே! ஏய்யா, நீ கொத்துப் போடலையா?"

"நீங்க போட்டீங்களா?"

இருவரும் மடியை அவிழ்த்தார்கள். இரண்டு மடியிலிருந்தும் வாடின வேப்பங்கொத்து வந்தது.

"சரி, என்ர இடத்துக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீதானே மாப்ள வருஷா வருஷம் சொன்ன, இங்கதான் கொட்டிக் கிடக்குதுன்னு. நீ எங்க வரப்போறன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

தேவணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைச் சாறு மீசையில் வழிய, பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, "நான் கெளம்பறேன். ஊர்ல போய்ச் சொல்லணும்" என்று இறங்கிப் போனார். பாதித் தடம் வரைக்கும் அவர் சிரிப்பு கேட்டது.

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. தலையில் ஒட்டின சருகோடு திரும்பி வந்து பாவாயி முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"காலையிலிருந்தே தெரியுமுங்களா?"

"முதல் சத்தத்துல தெரியலைங்க. மூணாவது சத்தத்துல தெரிஞ்சுதுங்க."

"எப்படிங்க? ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்களே கத்துது? காட்டுக் கௌதாரி எது, கூண்டுக் கௌதாரி எதுன்னு எப்படித்தானுங்க தெரிஞ்சுக்கறது?"

பாவாயி முடைந்த கண்ணியை அவர் கையில் வைத்தாள்.

"காட்டுல இருக்கறது ஒண்ணு கத்துச்சுன்னா அடுத்த சத்தம் கிட்டக்க கேக்குமுங்க. அதுக்கடுத்தது இன்னும் கிட்டக்க. இது பொழுது கெளம்புனதுலருந்து ஒரே இடத்துல நின்னு கத்துது." தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எண்ணெய்க்கு வர்றப்பெல்லாம் உங்க செக்கடியில பதினோரு வருஷமாக் கேட்ட சத்தமுங்ணா. எனக்குத் தெரியாதுங்களா?"

பொங்கியண்ணன் நின்றார். இன்னும் நேரம் இருக்கிறதா, எந்தப் பக்கம் போவது, காற்று எப்படி, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. நிழல் காலடியில் ஒரு சாண் மிச்சமிருந்தது.

கூண்டைத் தூக்கினார். கண்ணிகளைப் பிடுங்கிச் சேர்த்தார். வாடின கொத்தைத் தடத்தில் போட்டார். சரிவில் இறங்கி, அவர் ஒருநாளும் பேசியிராத, பிண்ணாக்கில் வைத்திராத ஒரு ஓடைக்கரைக்குப் போனார். அவருடைய நடைக்குப் பாவாயி ஓட வேண்டியிருந்தது.

கண்ணியை அவரே நட்டார். இரண்டு சாய்ந்தன, திரும்ப நட்டார். மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு துணியை உருவினார்.

கூண்டு கத்தியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓடைக்கு அப்பால், எங்கோ தூரத்தில், டிட்டிட்டீ.

பொங்கியண்ணன் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

கூண்டு மறுபடி கத்தியது. பதில் வந்தது, இந்தத் தடவை ஓடையின் அக்கரையில்.

பாவாயி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகமெல்லாம் வேர்த்து, கண் இரண்டும் விரிந்திருந்தன.

இக்கரைப் புல் அசைந்தது. மூன்றாவது சத்தம் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது.

பொங்கியண்ணன் வாயே திறக்கவில்லை.