கருவேலம்பாறைக் குழாயை மதிப்பிட்ட மூவர்

ஆகட்டும்பட்டிக்காரர்களை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே சிரிப்பு வந்துவிடும், அப்புறம் எங்கே திட்டுவது? யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும்" என்பார்கள். சொன்னபடி செய்தும் விடுவார்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊரில் அழகிரி, மூக்கன், சன்னாசி என்று மூன்று பேர். டவுனில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் பக்கத்துக் கருவேலம்பாறையில் மோட்டார் வைத்துத் தண்ணீர்க் குழாய் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. குழாயால் பெண்களுக்கு நல்லது நடந்ததா, இல்லையா என்று பார்த்து எழுத ஆள் தேடினார்கள். அந்த வேலைக்கு மதிப்பீடு என்று பேர். அழகிரி "ஆகட்டும்" என்றான். அவன் சொன்னதற்கு மற்ற இரண்டு பேரும் "ஆகட்டும்" என்றார்கள்.

வேலைக்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நல்ல பெண்பிள்ளை, படித்த படிப்புக்கு அளவில்லை. முதல் வார்த்தையே இதுதான்: "உங்க மனசுல இருக்கிற முன்முடிவையெல்லாம் வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்க."

மூன்று பேரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

"முன்முடிவுன்னா என்னலே?" என்றான் சன்னாசி.

"தெரியலையே. ஆனா நம்மகிட்ட இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் மூக்கன்.

அழகிரி யோசித்தான். "இருக்கிறதை எல்லாம் விட்டுட்டுப் போவோம். அதுக்குள்ள அதுவும் கிடந்துரும்."

செருப்பு, துண்டு, பொடிமட்டை எல்லாம் வாசலில் இறங்கின. சன்னாசி சட்டையையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டை பனியனோடு உள்ளே போனான். மேடம் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். யாரையும் பார்த்தவுடனே எடைபோடக் கூடாது என்பது அவர் பாடத்திலேயே இருந்தது.

மூன்று நாளும் சுவரில் சார்ட் தாள் ஒட்டினார்கள், பிஸ்கட் தின்றார்கள். பெண்கள் பக்கம் நின்று பார்க்க வேண்டும், ஆண் குரல் குறுக்கே வந்தால் பெண் குரல் அமுங்கிப்போகும், அவர்கள் படும் பாட்டை அவர்கள் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் மேடம் சொன்னார். தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்ட காது ஆகட்டும்பட்டிக் காது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் மூவரும் கருவேலம்பாறைக் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சீனித்தாய் என்கிற பெண்தான் குழாய்க்குப் பொறுப்பு. கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். நல்லது நடந்தது என்று போனால் குழாய் இருக்கும், மேலத்தெருவுக்கும் ஒன்று வரும். இல்லையென்றால் மோட்டாரைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இது அவளுக்குத் தெரியும். அவள் மகள் முத்தரசி நிறைமாசமாக வீட்டில் இருந்தாள். குழாய் போனால் பிள்ளை பெற்ற உடம்போடு அவள் இரண்டு மைல் தள்ளியிருக்கிற ஊருணிக்குக் குடம் தூக்க வேண்டும். அதனால் சீனித்தாய் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுவைத்து, பெண்களைக் கூட்டிவைத்துக் காத்திருந்தாள்.

வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை. தொட வாய் இல்லை. ஆண் குரல் குறுக்கே வரக் கூடாதே என்று மூன்று பேரும் துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா, பல்வலியா இவுகளுக்கு?" என்றாள் ஒருத்தி.

"மூணு பேருக்கும் ஒண்ணாவா?"

"ஒரே கடை முறுக்கைத் தின்னுருப்பாக."

அழகிரி கையை ஆட்டினான். வலி தாங்காமல் ஆட்டுகிறான் என்று ஒரு கிழவி துண்டை விலக்கிக் கிராம்பு எண்ணெயை வாயில் விட்டாள். கண்ணில் நீர் முட்ட அவன் அசையாமல் இருந்தான். மூக்கன் நோட்டை எடுத்து எழுதினான்: 'பெண்கள் தயங்காமல் பேசினார்கள். பெரும்பாலும் பல்லைப் பற்றி.'

மத்தியானம்வரை இப்படியே போயிற்று. சீனித்தாய்க்குப் பொறுமை போய்விட்டது. "யய்யா, வாயைத் தெறந்து என்னன்னுதான் சொல்லித் தொலைங்களேன்!"

பெண்ணே சொல்லிவிட்டாள் என்றதும் துண்டுகளை அவிழ்த்து, பெண்கள் பாட்டை அவர்கள் இடத்தில் இருந்து பார்க்க வந்தோம் என்றார்கள். அழகிரி கேட்டான்: "குழாய் வாறதுக்கு முந்தி தண்ணிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"போக வர ரெண்டு மணி நேரம். இப்போ கால் மணி நேரம்கூட ஆகலை. எழுதிக்கோங்க."

நல்ல பதில். வேறு யாராவது இருந்தால் எழுதிவிட்டுக் காப்பியைக் குடித்திருப்பார்கள். இவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"முந்தி எப்படி இருந்துச்சுன்னு தெரியாம இப்போ என்ன மாறிச்சுன்னு எழுதக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க," என்றான் மூக்கன்.

"அதான் சீனித்தாயி சொல்லிட்டாளே."

"அது காதால கேட்டது. கண்ணால பார்த்தாத்தான் சான்று. முந்தி நடந்ததை இப்போ எப்படிப் பார்க்கிறது?"

மூன்று பேரும் குழாயைப் பார்த்தார்கள். சன்னாசி சைக்கிள் கடையில் இருந்தவன். பையில் எப்போதும் ஸ்பேனர் கிடக்கும். சீனித்தாய் மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் குழாயைக் கழற்றி, பைப்பில் கட்டையை அடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அடப் பாவி! என்னய்யா பண்ணிட்டீரு?"

"பயப்படாத தாயி. முந்தின நிலைமையைக் கொண்டுவந்திருக்கோம். நீங்க பழையபடி ஊருணிக்கு நடங்க. நாங்க பின்னாலயே வந்து பார்த்து எழுதிக்கிடுதோம்."

பெண்கள் விளக்குமாற்றைத் தேடினார்கள். சீனித்தாய்தான் தடுத்தாள். அடித்தால் கோபம் ஆறிவிடும், அறிக்கை அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது? அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"எங்க பாட்டை எங்க இடத்துல இருந்து பார்க்கணும்னு சொன்னீங்களே, நெசந்தானா?"

"நெசந்தான்."

"பின்னால நடந்துவந்தா அது உங்க இடம்யா. எங்க இடம் குடத்துக்கு அடியில."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பயிற்சியில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. "ஆகட்டும்" என்று ஆளுக்கு ஒரு குடத்தை எடுத்தார்கள்.

போகும் வழியில் பெரிய வாக்குவாதம். பெண்கள் இடுப்பில் தூக்குகிறார்கள். நாமும் இடுப்பில்தான் தூக்க வேண்டும் என்றான் மூக்கன்.

"உனக்கு இடுப்பு எங்கலே இருக்கு? நெஞ்சு முடிஞ்சா காலு."

"இடுப்பு இல்லைன்னு ஒதுக்கக் கூடாது. சமத்துவம்."

இடுப்பு இல்லாத குடம் இறங்கி இறங்கி முழங்காலுக்கு வந்தது. முதல் நடையில் ஊர் வந்து சேர்ந்த தண்ணீரில் ஒரு கோழி குளித்திருக்கலாம். ஆனாலும் விடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று ஊர் முழுக்கத் தண்ணீர் சுமந்தார்கள். பெண்கள் ஆளுக்கு ஒரு பூச்சரம் கட்டி முடித்தார்கள். முத்தரசிகூட வாசலுக்கு வந்து, "அண்ணே, இன்னொரு குடம். குளிக்கணும்," என்றாள்.

வியாழக்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள்.

"குழாய் இருந்தப்போ பெண்கள் குழாயடிவரை நடந்தாங்க. சரியா?" என்றான் அழகிரி.

"சரி."

"கழட்டின பிறகு ஒரு அடிகூட நடக்கலை."

"கண்ணால பார்த்தோமே!"

"அப்போ இம்புட்டு நாளும் அவங்களை நடக்கவச்சது யாரு? குழாய்தான். எடுத்துரணும்னு எழுது."

பக்கத்தில் நின்ற சீனித்தாய்க்கு மகளுடைய முகம் கண்முன்னே வந்துவிட்டது. ஆனால் மூன்று நாளில் அவளுக்கு இவர்கள் பூட்டும் தெரியும், சாவியும் தெரியும்.

"அண்ணே, பெண்கள் பக்கம் நின்னு எழுதுற அறிக்கைதானே இது?"

"ஆமா தாயி. வரிக்கு வரி."

"அப்போ பேனா ஏன் உங்க கையில இருக்கு?"

மூக்கன் பேனாவைக் கொள்ளிக்கட்டை போலக் கீழே போட்டான். சீனித்தாய் எடுத்து எழுதினாள். குழாய் வேண்டும், மேலத்தெருவுக்கும் வேண்டும், இந்த மூன்று பேர் மட்டும் இந்தப் பக்கம் இனி வேண்டாம் என்று எழுதினாள். எழுதியதை நீட்டினால் மூன்று பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பெண் எழுதியதை ஆண் பார்த்தால் திருத்தத் தோன்றுமாம். அதே சூட்டில், "பெண்கள் சொல்லுதோம், குழாயை மாட்டு," என்றாள். சன்னாசி மாட்டினான்.

அறிக்கையைப் பார்த்து நிறுவனம் பூரித்துப்போயிற்று. பெண்களே எழுதிய அறிக்கை! மேலத்தெருவுக்குக் குழாய் வந்தது, அதற்கு முந்தின நாள் முத்தரசிக்குப் பெண் பிறந்தது. மூவருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கடைசி வரியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அடுத்த மாதம் மேடமே கூப்பிட்டார். "குழாய் போகாத ஊர் ஒண்ணையும் பார்த்துட்டு வாங்க. தண்ணிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு எழுதுங்க. அவசியம்னா அங்கயும் போட்டுரலாம். இந்தத் தடவை எதையும் தொடாதீங்க. சும்மா பார்த்தா போதும்."

குழாய் போகாத ஊரை எங்கே தேடுவது? ஆகட்டும்பட்டியே அப்படித்தானே இருந்தது. மூவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அழகிரியின் மனைவி கனியம்மா ஒன்றரை மைல் நடந்து, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வாசலுக்கு வந்தாள். அவன் நோட்டோடு படியில் உட்கார்ந்திருந்தான்.

"யோவ், ஒரு குடத்தை இறக்கி விடும்."

"தொடக் கூடாது கனி. மேடம் சொல்லியிருக்காங்க."

"கருவேலம்பாறைக்காரிகளுக்கு மூணு நாளு சுமந்தீராமே?"

"அங்க திட்டம் இருந்துச்சு. இங்க ஒண்ணும் இல்லையே, எதைச் செய்ய?"

கனியம்மா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். தலைக் குடத்தை எடுத்து, நிதானமாக, ஒரு சொட்டு வீணாகாமல் அவன் தலையில் கவிழ்த்தாள்.

அழகிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நனையாத பக்கமாகப் பார்த்து எழுதினான்: 'ஆகட்டும்பட்டியில் தண்ணீர் இருந்த இடத்துக்கே வந்து சேருகிறது. நடந்த தூரம்: இல்லை. காத்திருந்த நேரம்: கண் இமைக்கும் நேரம். குழாய் அவசியமில்லை.'

ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மற்ற இருவர் வீட்டுக் கணக்கையும் வாங்கிப் பார்த்தான். சன்னாசி வீட்டிலும் அப்படியே. மூக்கன் வீட்டில் மட்டும் குடமும் சேர்ந்தே வந்திருந்தது.