முன்பலகை இல்லாத ஓடம்

அந்தக் காலத்தில், எருமை பேசினால் ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்ட காலத்தில், ஆனைமுழுங்கி ஏரி என்று ஓர் ஏரி இருந்தது. எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். இந்தக் கரையில் குஞ்சாகக் கிளம்பிய வாத்து, அந்தக் கரையில் ஏறும்போது பேரன் பேத்தி எடுத்திருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அந்த ஏரியில் ஓடம் தள்ளிப் பிழைத்தவன் ஒண்டிமுத்து. தாய் தகப்பன், அண்ணன் தம்பி யாரும் கிடையாது. அவனுக்கு இருந்த சொத்து ஒரு நீள ஓடம். இருந்த குறையும் ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொல்ல நாக்கு வராது.

அக்கரையில் மல்லப்பன் என்கிற கூடை முடைகிறவர் இருந்தார். ஏழாவதும் பெண்ணாகப் பிறந்ததால் கடைசி மகளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்திருந்தார். ஒண்டிமுத்து அவர்களுக்கு மூங்கில் ஏற்றிப் போய் இறக்கிய பழக்கம், மெதுவாகக் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. மல்லப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள்ள முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுச் சனம்னு ஒரு நாலு தலையாவது வந்து இறங்கணும். ஒத்தையா வந்தீன்னா, வந்த ஓடத்திலயே திரும்பிப் போயிடு. ஆளில்லாத வீட்டுக்கு நான் பொண்ணு கொடுக்கறதா இல்லை."

ஒண்டிமுத்து சனத்துக்கு எங்கே போவான்? ஏரிக்கரையில் கூடப் பழகிய சீவன்களிடம்தான் போனான்.

முதலில் சேவல். "உன் கல்யாணத்துக்கு வராம இருப்பேனாடா? ஆனா ஒண்ணு, முன்பலகை எனக்குத்தான்" என்றது.

முன்பலகை என்பது ஓடத்தின் மூக்கருகே இருக்கும் பலகை. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் கரையில் முதலில் இறங்குவார். முதல் சந்தனம், முதல் வெற்றிலை, முதல் மாலை எல்லாம் அவருக்கே.

"பொழுதையே கூப்பிட்டு விடிய வைக்கிறவன் நான். பின்னால உக்காந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"சரி சித்தப்பா" என்றான் ஒண்டிமுத்து.

அடுத்தது செம்மறிக் கிடா. "தாய்மாமன் முறைக்கு என்னை விட்டா உனக்கு யாரு? முன்பலகை எனக்கு."

"சரி மாமா."

அடுத்தது எருமை. "நான் உன் அத்தைடா. பின்னால உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்."

"சரி அத்தை."

கடைசியாக ஆமை. அது கழுத்தை நீட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தது. "முன்பலகையை இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கே?"

"மூணு பேருக்கு, தாத்தா."

"அப்ப நான் நீந்தியே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அப்போதே தண்ணீரில் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. தாலிக்கயிற்றை மடியில் முடிந்துகொண்டு ஒண்டிமுத்து துறைக்கு வந்தால், மூன்று பேரும் ஓடத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"கொண்டையை ஒதுக்குய்யா, நான் ஏறணும்" என்றது கிடா.

"மொட்டைக் கொம்பை வச்சுக்கிட்டு உனக்கு முன்பலகையா?" என்றது சேவல்.

எருமை நேராகப் போய் முன்பலகையில் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த கிடா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சேவல் பறந்துபோய் எருமையின் நெற்றியில் நின்றுகொண்டு, "இப்ப யாருப்பா முன்னால?" என்று கேட்டது.

ஓடத்தின் மூக்கு தண்ணீரை முகர்ந்தது. வால் மேலே எழும்பியது. வாலில் உட்கார்ந்திருந்த ஒண்டிமுத்து துடுப்பைப் போட்டால் தண்ணீர் எட்டவில்லை, காற்றைத்தான் துழாவினான். ஆனாலும் 'ஒருத்தர் பின்னால வாங்க' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் யாராவது கோபித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். சனம் குறைந்தால் பெண் இல்லை. எட்டி எட்டித் துடுப்புப் போட்டு ஒருவழியாக நடு ஏரிக்கு வந்துவிட்டான்.

அங்கேதான் காற்று பிடித்தது.

ஏரிக்காற்றை லேசாக நினைக்காதீர்கள். கடல்காற்று சொல்லிவிட்டு வரும். ஏரிக்காற்று மலைக்குப் பின்னால் பதுங்கியிருந்து, நடு ஏரியில் ஆள் மாட்டியதும் பாயும். கடலலை நீளமாக வந்து தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஏரியலை குட்டை, ஒன்று இந்தக் கன்னத்தில் அறைந்தால், நாம் முகத்தைத் திருப்புவதற்குள் அந்தக் கன்னத்தில் இன்னொன்று. அன்றைக்கு வானம் கறுத்து, சூரியன் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

அப்போதுதான் ஒண்டிமுத்து பிறந்ததிலிருந்து முதல்தடவையாகக் கத்தினான். "யாராவது ஒருத்தர் பின்னால வாங்க! ஓடம் குத்திக்கிட்டுப் போகுது!"

"நான் எழுந்தா சேவல் உக்காந்துக்கும்" என்றது கிடா.

"கிடாவை முதல்ல எழுந்திருக்கச் சொல்லு" என்றது எருமை.

"சந்தனம் வாங்காம நான் நகர்றதா இல்லை" என்றது சேவல்.

மூவரும் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த அலை வந்தது. மூக்கு உள்ளே போனது. போன மூக்கு திரும்பி வரவில்லை. வால் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனது. அடியிலிருந்த பாறையில் ஓடம் நொறுங்கிய சத்தம் மட்டும் மேலே வந்தது.

எருமைக்கு நீந்தத் தெரியும். ஆனால், "சம்பந்தி வீட்டுக்கு நீந்திப் போற அத்தையை எந்த ஊர்லடா பார்த்தே?" என்று சொல்லி மிதந்துகொண்டே இருந்தது. அதன் முதுகில் கிடா தொற்றிக்கொண்டது. கொம்பில் சேவல், நனைந்த துணிமூட்டை மாதிரி. வாலைப் பிடித்தபடி ஒண்டிமுத்து. தாலிக்கயிறு அடித்துப் போய்விடாமலிருக்க அதை வாயில் கவ்வியிருந்தான்.

நல்ல நீச்சல்காரன்தான். தான் மட்டும் நீந்திப் போய்விடலாம். ஆனால் ஒத்தையாகக் கரையேறினால் பெண் கிடையாது. அதுவும் போக, இந்தச் சண்டைக்காரச் சனத்தை விட்டால் உலகத்தில் அவனுக்கு வேறு யாரும் இல்லை. கால் மரத்துப்போக ஆரம்பித்தது. எருமையும் முன்னைவிடத் தாழ்ந்துதான் மிதந்தது.

இதற்குள் அக்கரையில் ஆமை ஏறியிருந்தது. மணப்பெண் ஓடிவந்தாள். "தாத்தா, அவர் கிளம்பிட்டாரா?"

ஆமை திரும்பி ஏரியைப் பார்த்தது. "கிளம்பிட்டார்மா. பாதி தூரம் ஓடத்துல வந்தார். மீதிப் பாதி தண்ணியிலதான்."

கரையில் கட்டியிருந்த நீள ஓடங்களோ பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்ந்து கிடந்தன. போதும்பொண்ணு யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. புது வீட்டில் நெல் கொட்டி வைக்க அவளே முடைந்த கூடை ஒன்று பந்தலில் இருந்தது. ஈரம் ஏறாமலிருக்க அடியில் குங்கிலியப் பிசின் காய்ச்சிப் பூசியிருந்தாள். வந்தவர்களெல்லாம் 'இது கூடையா, கிணறா' என்று சிரித்த கூடை. அதை உருட்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள்.

"ஏய், அது நெல் கொட்டறதுக்கு!" என்று கத்தினார் மல்லப்பன்.

"முதல்ல மாப்பிள்ளையை அள்ளிக்கிட்டு வர்றேன்ப்பா!"

உடைந்த துடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறினாள். அலை அந்தக் கூடையை எந்தப் பக்கம் அடித்துக் கவிழ்ப்பது என்று தெரியாமல் முழித்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பாவம், அதுதான் என்ன செய்யும்? கூடை சுரைக்குடுக்கை மாதிரி ஏறி இறங்கி, நேரே அவர்களிடம் வந்து சேர்ந்தது.

கிடாவை இழுத்துப் போட்டாள். எருமையை எப்படி ஏற்றினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சேவல் இறகை உதறியது, இருமியது, உயிர் பிழைத்ததும் முதல் வேலையாகக் கேட்டது: "இதுல முன்பலகை எங்கம்மா இருக்கு?"

உடனே கிடா கொம்பைத் தாழ்த்தியது. எருமை பெருமூச்சு விட்டது. போதும்பொண்ணு ஒண்டிமுத்துவைப் பார்த்தாள்.

"முன்பலகையை யாருக்குக் கொடுத்தீங்க?"

ஒண்டிமுத்து வாயிலிருந்த தாலிக்கயிற்றை எடுத்தான். "எல்லாருக்கும்."

அவள் துடுப்பைத் தண்ணீரில் குத்தி ஒரு வளை வளைத்தாள். கூடை சுழன்றது.

"இதோ, நான்தான் முன்னால!" என்றது சேவல். சொல்லி முடிப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது. கிடா முன்னால் வந்திருந்தது. கிடா நெஞ்சை நிமிர்த்துவதற்குள் எருமை. எருமை தலையை ஆட்டுவதற்குள் மறுபடி சேவல். நாலு சுற்றில் சண்டை நின்றுவிட்டது. அவரவர் முறை வரும்போது கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்கள்; போனதும் அடுத்த முறைக்குக் காத்திருந்தார்கள். ஒண்டிமுத்து கொடுத்த வாக்கு மூன்றும் ஒன்றாக நிறைவேறிக்கொண்டிருந்தது. தலைசுற்றலோடு அவன் போதும்பொண்ணுவைப் பார்த்தான். அவள் எந்தப் பக்கம் இருந்தாலும் அழகாகத்தான் தெரிந்தாள்.

கரையில் மல்லப்பன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "உச்சி தாண்டியிருக்கும்! முகூர்த்தம் போச்சு!"

"பொழுதைப் பத்தி எங்கிட்டயா பேசறீங்க, சம்பந்தி?" என்றது சேவல். "இன்னும் ரெண்டு கூவல் நேரம் இருக்கு."

மல்லப்பன் கிண்ணத்தில் கையை விட்டார். முதல் மரியாதை செய்ய அவர் சந்தனக் கையை நீட்டினார். கூடை அப்போதும் நிற்கவில்லை. கொண்டை, கொம்பு, எருமை மூக்கு என்று வரிசையாகச் சந்தனம் அப்பிக்கொண்டே போனது. யார் முதல் என்று அவருக்கே தெரியாது; மூன்று பேரும் நான்தான் முதல் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டார்கள்.

இறங்கினால் கால் நிற்காது என்பதால் கூடையிலேயே தாலி கட்டினான் ஒண்டிமுத்து. கிறுகிறுப்பில் முதல் முடிச்சைக் கிடா மாமனின் கொம்பில் போடப் போனவனை, போதும்பொண்ணு கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுவந்தாள்.

பிறகு ஒண்டிமுத்து நீள ஓடம் செய்யவே இல்லை. அவள் முடைந்தாள், அவன் ஓட்டினான். அந்தக் கூடையைத்தான் நாம் பரிசல் என்கிறோம். அன்று முதல்தான் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏறியவர் யாராவது 'எனக்கு முன்னால இடம் கொடு' என்று கேட்டால், பரிசல்காரர் பதில் பேசாமல் துடுப்பை வளைத்து ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.