செருப்பு இருந்தால் அப்பா வந்தாச்சு

குளத்தங்கரை மடத்தில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது. வயது முப்பத்தொன்று. அவருடைய சீடர் பிச்சையாவுக்கு நாற்பத்தாறு. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

பிச்சையா அரிசி ஆலையில் மேஸ்திரி. அவர் உள்ளே வந்தால் ஆலையில் பேச்சு நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு வயது மகள் கோமுவைக் கையோடு கூட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காருவதற்கு முன்பே குறையைச் சொல்ல ஆரம்பித்தார்.

பிள்ளை எல்லாரிடமும் பேசுகிறாள். நாயோடு பேசுகிறாள். சுவரில் ஓடும் பல்லியோடுகூடப் பேசுகிறாள். இவர் கேட்டால் மட்டும் தலையாட்டல். போன வாரம் மூன்று நாள் காய்ச்சல், இவரிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் இவருக்கே தெரிந்தது.

“நான் அடிச்சதே இல்ல சாமி. ஒரு பார்வை பாத்தா அடங்கிருவா. அப்படி வளத்திருக்கேன். அப்பாகிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

குரு கோமுவிடம் புத்தி எதுவும் சொல்லவில்லை. சமையல்காரர் பிள்ளைகள் பின்பக்கம் விளையாடுகிறார்கள், போ என்றார். அவள் போய்விட்டாள்.

பிச்சையாவுக்கு எரிச்சல். புத்தி சொல்லச் சொன்னால் விளையாட அனுப்புகிறாரே. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு குரு அவரைச் சமையற்கட்டு ஜன்னலுக்குக் கூட்டிப்போனார்.

வெளியே மண்ணில் கோடு கிழித்து ஒரு வீடு. சிரட்டையில் மண் சோறு. சமையல்காரர் மகன் வெயிலு, தான்தான் அப்பா என்று இல்லாத மீசையை முறுக்கினான். அவன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏல, அப்பாவுக்கு ஆள் வேண்டாம்,” என்றாள் கோமு.

ஓடிப்போய் ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே வைத்தாள். பிச்சையாவின் செருப்பு.

வைத்ததும் சிரட்டையை மூடினாள். சிரித்த சின்னவளின் வாயைப் பொத்தினாள். மூன்று பேரும் முதுகை நிமிர்த்தி, உள்ளங்கையைப் புத்தகம்போல விரித்து உட்கார்ந்தார்கள்.

வெயிலுவுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா என்ன சொல்லுவாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வந்திருக்காரு.”

“அப்போ எப்ப விளையாடுறது?”

“செருப்பு போனப்புறம்.”

பிச்சையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கோமு எழுந்து செருப்பை வேலி ஓரமாகப் போட்டாள். உடனே கூச்சல், சண்டை, மறுபடியும் மண் சோறு.

“நான் அங்க போகட்டுமா சாமி?”

“போங்க. செருப்பை எடுக்காதீங்க.”

போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். சத்தம் அடங்கியது. கோமு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

“யாரு வேணும்?” என்று கேட்டாள்.

பிச்சையா குனிந்து சொன்னார். “பக்கத்து வீடும்மா. புதுசா குடி வந்திருக்கேன்.”

அவள் யோசித்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். “சாப்பிட்டீங்களா?”

சிரட்டையை நீட்டியவள் பேச ஆரம்பித்தாள். வெயிலு கள்ளாட்டம் ஆடுவதைச் சொன்னாள். பல்லிக்குப் பெயர் வைத்திருப்பதைச் சொன்னாள். காய்ச்சலில் கரும்பலகை இரண்டாகத் தெரிந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் மண் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

மத்தியானம்தான் குருவிடம் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் மண்.

“பேசினா சாமி. எல்லாம் சொன்னா. ஆனா என்கிட்ட இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட.”

“அப்போ அந்த ஆளையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் குரு.