ஒதுக்கிய சிப்பிகள்

கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்தில், முத்துக்கரை நாட்டை அழகேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஆள் மட்டும் லட்சணமாக இருந்துவிட்டால், திருடன் கையிலும் கஜானாச் சாவியைக் கொடுத்துவிடுவான்.

அவனுடைய மந்திரி ஞானப்பிரகாசம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அம்மைத் தழும்பு முகம், மாறுகண். புத்தியோ கத்தி. அலங்கார அதிகாரி சிங்காரநாதனுக்கு அந்த மந்திரிப் பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். பக்கத்து நாட்டுத் தூதர் வருகிறார் என்றதும் சபையிலேயே ஆரம்பித்தான்.

"மகாராஜா, இந்த மூஞ்சியைப் பார்த்தால் தூதர் வந்த வழியே திரும்பிவிடுவார்!"

"அதுவும் சரிதான். ஞானப்பிரகாசம், நாளையோடு பதவியை விட்டுவிடும்," என்றான் ராஜா.

மந்திரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கண்ணாடி பார்க்கிறபோதெல்லாம் அவருக்கே தோன்றுகிற எண்ணம்தான் அது. 'சபையில் நிற்கிற முகமா இது?' ஆனால் மறுகணமே, 'என்னைப் படைத்த ஆண்டவருக்குக் கை தவறியதா என்ன?' என்று நிமிர்ந்துகொண்டார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தெம்பு!

முத்துக்குளிப்பில் ராஜாவின் பங்காக வந்த சிப்பிகள் பிளக்காமல் முற்றத்தில் குவிந்துகிடந்தன. மந்திரி அவற்றைக் காட்டினார்.

"உத்தரவு மகாராஜா. போவதற்கு முன் ஒரு சின்னப் பந்தயம். வெளித்தோற்றம் பார்த்து நீங்கள் இருவரும் பிடித்ததை எடுங்கள். ஒதுக்கியது எனக்கு. உங்கள் பங்கில் முத்து அதிகம் இருந்தால் போகிறேன். என் பங்கில் இருந்தால் இருக்கிறேன்."

ராஜாவுக்கு ஒரே உற்சாகம். இருவரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

"இது கோணல், தூக்கிப் போடு!"

"சீ, இதில் பாசி மகாராஜா!"

கடைசியில் வழவழப்பான சிப்பிகள் ஒரு வெள்ளித்தட்டு நிறையத் தேறின. மந்திரியின் பங்கு மலையாகக் கிடந்தது.

பிளந்தார்கள். வெள்ளித்தட்டில் வெறும் சதை. மலையிலிருந்தோ முத்து வந்துகொண்டே இருந்தது. படுகோணலான சிப்பி ஒன்றில் சுண்டைக்காய் பருமனுக்கு ஒரு முத்து! சபையே வாய்பிளந்தது.

"எதில் முத்து என்று உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?" என்றான் ராஜா.

"எனக்கென்ன தெரியும் மகாராஜா? நான் எதையும் தள்ளவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது அதை வைத்தவருக்குத்தான் தெரியும்."

ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பெரிய முத்தை மந்திரியின் கையில் வைத்து, "தூதர் வரும்போது நீர் என் வலப்பக்கம் உட்காரும்," என்றான். பிறகு சிங்காரநாதன் பக்கம் திரும்பினான்.

"இந்தப் பட்டுச் சால்வையைப் பார்த்து ஏமாந்தேனே! இவனுக்குள் ஒன்றுமே இல்லை. பிடித்து வெளியே தள்ளுங்கள்!"

சிங்காரநாதன் ராஜாவின் காலில் விழுந்தான். இருந்த செருக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை. மந்திரி குறுக்கே வந்து நின்றார்.

"பொறுங்கள் மகாராஜா. இவரை எப்போது பிளந்து பார்த்தீர்கள்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிங்காரநாதன் அழுதேவிட்டான். உள்ளே ஏதோ இருந்திருக்கத்தான் வேண்டும்.