கண்ணீர் அளவு உப்பு

ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரன் இருந்தானாம். ஊர்னா, வீட்டைவிட உப்புக்குவியல் உசரமா நிக்கிற ஊர். அவன் பேரு வைரக்கண்ணு. விடிஞ்சா பாத்தியில இறங்கி சரட்டு சரட்டுன்னு உப்பு வாருவான். சாயங்காலம் சட்டையைக் கழட்டிச் சுவத்துல சாத்தினா விழாம நிக்குமாம், அவ்வளவு உப்பு. எங்க, ம் சொல்லு.

"ம்."

அவனுக்கு ஒரே பொண்ணு, அல்லி. ஒன்றரை வயசு. ஒரு நாள் அதுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. பிரீச் பிரீச்சுன்னு பத்து தடவை. அவ அம்மா அஞ்சலைக்குத் துணி அலசி அலசிக் கை ஓஞ்சுபோச்சு. அப்போ பக்கத்து வீட்டு பாக்கியத்தக்கா எட்டிப் பாத்து, "தண்ணி குடுத்தா தண்ணியாத்தானே போவும்? நிறுத்துடி"ன்னுச்சு. நிறுத்திட்டாங்க. தண்ணியும் இல்லை, பாலும் இல்லை.

மறுநாள் காலையில பாத்தா, புள்ளைக்குக் கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு. அழுவுது, ஆனா கண்ணுல ஒரு பொட்டு ஈரமில்லை. வைரக்கண்ணு அப்படியே தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு தொப்பு தொப்புன்னு ஓடினான், நேரா ஜமீலா டாக்டரம்மா கிட்ட. பின்னாலயே அஞ்சலை.

அந்த ஊர்ல பாதிப் பேரு ஜமீலா டாக்டரம்மா கையில வளர்ந்தவங்கதான். காய்ச்சக்காரப் புள்ளையைக் கம்பளியில சுருட்டிக்கிட்டுப் போனா, முதல்ல கம்பளியைத்தான் உருவுவாங்க. சளின்னு புள்ளை மூக்குல எண்ணெய் விட்டவளை, "உன் மூக்குல விட்டுப் பாத்தியா?"ன்னு கேப்பாங்க. வாய் திட்டிக்கிட்டே இருக்கும், கை புள்ளையோட காலை வருடிக்கிட்டே இருக்கும்.

அல்லியோட வயித்துத் தோலைக் கிள்ளி விட்டாங்க. தோலு மெதுவாத்தான் திரும்புச்சு.

"புள்ளை காயுது"ன்னாங்க. "தண்ணி உள்ள போய் நின்னா தேறிடும். நிக்கலைன்னா பெரியாஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தணும். எங்கிட்ட உப்புச் சர்க்கரைப் பாக்கெட் தீந்துபோச்சு, மத்தியானம்தான் வரும். அதுவரைக்கும் நீயே கலக்கு. கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். தலை தட்டின சின்ன ஸ்பூன்ல சர்க்கரை ஆறு, உப்பு அரை."

சொல்லிட்டு எல்லாத்தையும் அவன் முன்னால எடுத்து வெச்சாங்க. உப்புன்னதும் வைரக்கண்ணுக்கு உசுரு வந்துச்சு. "உப்பை எனக்கா சொல்லணும், டாக்டரம்மா?" ஸ்பூனைத் தள்ளி வெச்சுட்டு கையால அள்ளிப் போட்டான். ருசி பாத்தான். சப்புன்னு இருந்துச்சு. இன்னொரு கை போட்டான்.

டாக்டரம்மா ஒரு சொட்டு நாக்குல வெச்சாங்க. தூன்னு துப்பினாங்க.

"இது புள்ளைக்கா, கருவாட்டுக்கா?"

"எனக்கு உப்பே தெரியலைங்களே."

"இருபது வருசமா உப்புல நிக்கிறவன் நாக்கு, அதுக்கு எங்க தெரியும்? இதைக் குடிச்சா புள்ளை இன்னும் காஞ்சுபோகும். ஸ்பூனால அள. அப்பவும் கண்ணீரைவிடக் கரிச்சா, கொட்டிடு."

கண்ணீருக்கு அவன் எங்கயும் போக வேண்டாம், அது பாட்டுக்குக் கன்னத்துல வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மறுபடி அளந்து கலக்கினான். கன்னத்துல ஒரு விரல், தண்ணியில ஒரு விரல், மாத்தி மாத்தி நக்கிப் பாத்தான். தண்ணி கரிக்கலை. சரியாப் போச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் அவசரம் புடிச்சவன் என்ன செஞ்சான், டம்ளரையே வாயில சாய்ச்சான். தவிச்ச புள்ளை, மடக்கு மடக்குன்னு குடிச்சுது. குடிச்ச வேகத்துல ஓவ்வ்... அத்தனையும் அவன் சட்டை மேல. அஞ்சலை தலையில கைவெச்சு உக்காந்துட்டா.

"எந்திரி. ஒண்ணும் கெட்டுப்போகலை"ன்னாங்க டாக்டரம்மா. "பத்து நிமிசம் சும்மா இருங்க. அப்புறம் ஸ்பூன். ஒண்ணு குடு, ஒரு நிமிசம் பொறு. நடுவுல அஞ்சலை பால் குடுக்கட்டும்."

"ஒரு ஸ்பூன்ல எப்பங்க நிறையும்?"

"உன் பாத்திக்குத் தண்ணியை எப்படி விடுவ? ஒரே பாய்ச்சலா விட்டா வரப்பு நிக்குமா?"

வரப்பு உடைஞ்சா என்னாகும்னு அவனுக்குத் தெரியாததா?

மூணாவது தடவை மடியில போட்டுக்கிட்டு உக்காந்தான். ஒரு ஸ்பூன். பொறுத்தான். இன்னொரு ஸ்பூன். பொறுத்தான். டாக்டரம்மா வேற புள்ளைங்களைப் பாத்துக்கிட்டே, "நிறுத்தாத"ன்னு மட்டும் சொல்லுவாங்க. இன்னொரு ஸ்பூன்.

"ம்..."

இன்னொரு ஸ்பூன்.

"...ம்."

உச்சி வெயில் வந்தப்போ, அவன் மடியில சுர்ருன்னு சூடா ஓடுச்சு. "டாக்டரம்மா, ஒண்ணுக்குப் போயிட்டா"ன்னான், ஏதோ பரிசு விழுந்தவன் மாதிரி.

டாக்டரம்மா வந்து குனிஞ்சாங்க. அல்லி அவங்க கழுத்துல தொங்கின, நெஞ்சுல வெச்சுப் பாக்குற குழாயை எட்டிப் புடிச்சு இழுத்துச்சு. அவங்க மெல்ல விடுவிச்சாங்க. வந்துச்சே கோபம், ஓன்னு ஒரு அழுகை. அப்போ பாத்தா, கண்ணோரத்துல ஒரே ஒரு சொட்டு.

வைரக்கண்ணு அதை விரல்ல எடுத்து நாக்குல வெச்சான்.

"என்னப்பா, அளவு சரியா?"

"கரிக்குதுங்க, டாக்டரம்மா."

ஒரு கை உப்புப் போட்டும் சப்புன்னு சொன்ன நாக்கு அது.

"இன்னும் ரெண்டு நாள் வயித்தால போவும், பயப்படாத. ஒவ்வொரு தடவை போனதும் இந்தத் தண்ணியைக் குடு. கஞ்சியும் குடு. மந்தமாக் கிடந்தாலோ, ரத்தம் கண்டாலோ, ஒண்ணுக்கு நின்னுபோனாலோ, எந்த நேரமானாலும் தூக்கிட்டு வா"ன்னுட்டு, டாக்டரம்மா அடுத்த புள்ளையோட கம்பளியை உருவப் போயிட்டாங்க.

"..."

உப்பும் கரைஞ்சுது, கதையும் கரைஞ்சுது. கண்ணைச் சாத்து, தூங்கு.